நீட்டிப் படுக்க ஒரு வண்டி

786
ஹட்டன்
12.3.1962

தங்கச்சி பூரணிக்கு சரிபுதீன் எழுதிக்கொள்வது.

சுகம் விசாரித்துத்தான் கடிதம் தொடங்க வேண்டும். அதற்குரிய மனநிலையில் நான் இல்லை. போன கிழமை உங்கள் ஊசிப்பாறைத் தோட்டத்திலிருந்து ஹம்பர் காரை நானே ஓட்டிக்கொண்டு இறங்கினேன். எஞ்சினைப் பார்த்தேன், கியரைப் பார்த்தேன், பிரேக்கைப் பார்த்தேன். பின்பக்கம் கம்பளி விரித்திருந்தது. தோட்டத்து மருத்துவச்சி கொடுக்கிற காரில் என்ன களவு இருக்கப் போகிறது என்று அதைத் தூக்கிப் பார்க்காமல் வந்துவிட்டேன். வருஷக்கணக்காகக் கார் வாங்கி விற்கிற எனக்கு அன்றைக்கு மட்டும் புத்தி எங்கே போனதோ.

நேற்றுக் கொழும்பிலிருந்து புரொக்டர் ஐயா வந்தார். கோட்டில் வழக்குப் பேசுகிறவர், பழைய கார்களைத் தேடிச் சேர்ப்பதில் பைத்தியம் பிடித்த மனிதர். வெள்ளைக் கால்சட்டையோடு காருக்கு அடியில் மல்லாந்து படுத்தார். ஒரு காந்தத்தை எடுத்து மட்கார்டில் ஒட்டி ஒட்டிப் பார்த்தார், எங்கேயாவது நெளிவை நிரப்பிச் சாயம் பூசியிருக்கிறதா என்று. ஒன்றும் அகப்படவில்லை. விளக்கு, ஹோர்ன், மணிக்கூடு எல்லாம் காரோடு கப்பலில் வந்த அதே சாமான் என்றதும் முகம் மலர்ந்தது. பிறகு பின் கதவைத் திறந்து கம்பளியைத் தூக்கினார். சீட் இருக்க வேண்டிய இடத்தில் தேயிலைப் பெட்டிப் பலகை, ஆணியடித்து வைத்திருக்கிறது. "மிஸ்டர் சரிபுதீன், நீங்கள் விற்பது காரா, விறகா?" என்று கேட்டார். என் கடைப் பையன்கள் முன்னால் கேட்டார்.

வாங்க வருகிறவன் எல்லாம் இப்படித்தான் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு வருவான். விற்கிறவனோ கியர்ப் பெட்டியில் மரத்தூளைப் போட்டுச் சத்தத்தை அடக்கிவிட்டு, துரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டிய கார் என்பான். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் நின்று நான் சாகிறேன். உங்களை அந்தக் கூட்டத்தில் நான் சேர்க்கவில்லை. சேர்க்க வைத்துவிடாதீர்கள். பின் சீட்டை உடனே அனுப்பிவைக்கவும்.

சரிபுதீன்


ஊசிப்பாறைத் தோட்டம், மேற்பிரிவு
டயகம
17.3.1962

மதிப்புக்குரிய சரிபுதீன் நானாவுக்கு,

நான் எதையும் மறைக்கவில்லை. நீங்கள் பார்க்கவில்லை. இரண்டும் ஒன்றல்ல.

நீங்கள் கார் வாங்க வந்த அன்று நடந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இறங்கியதும் இறங்காததுமாக டயரை உதைத்தீர்கள். பொனட்டைத் திறந்து, துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி உச்சுக்கொட்டினீர்கள். இந்தக் காலத்தில் இந்தக் காரை யார் சீண்டுவான், உங்கள் முகத்துக்காக எடுக்கிறேன் என்றீர்கள். மருந்துச்சாலைக் கதவருகே நின்ற பெண்கள் எல்லாரும் கேட்டார்கள். யாரும் சீண்டாத காருக்குக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்து அடியில் படுத்தாராமே. வாங்கும்போது ஓட்டை, விற்கும்போது கோட்டை. உங்கள் வாய்க்கு எத்தனை கியர், நானா?

பழைய துரை தன் ஊருக்குப் போகும்போது இந்தக் காரை என் பெயருக்கு எழுதிக் கொடுத்தது நான் ஏறி ஊர்வலம் போவதற்காக அல்ல. மேற்பிரிவில் பிரசவம் என் கைக்கு மிஞ்சிப் போனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்காக. சீட்டில் படுக்க முடியாததால்தான் எங்கள் டிரைவர் சோலைமலை அண்ணன் அதைக் கழற்றிவிட்டுப் பலகை போட்டார். அதிலும் முழங்காலை மடக்கித்தான் படுக்க வேண்டியிருந்தது. வலியில் துடிக்கிறவளைக் குறுக்கி மடக்கி இந்த வளைவுகளில் கொண்டுபோய்ப் பாருங்கள், அப்போது தெரியும். அதனால்தான் மாற்றுப் பேசினோம். ஹம்பர் உங்களுக்கு, ஒரு பெண் காலை நீட்டிப் படுத்துப் போகக்கூடிய வண்டி எங்களுக்கு. மேற்கொண்டு காசு எதுவும் இல்லை. ஆனி மழை பிடிப்பதற்கு முன்னால் வேண்டும் என்றேன், தலையை ஆட்டினீர்கள். கார் போய்விட்டது. வண்டி எங்கே?

நீங்கள் தேடுகிற சீட் பிள்ளைக்காம்பராவில் இருக்கிறது. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்கிற அறை அது. குழந்தைகள் அதில்தான் தூங்குகிறார்கள். எத்தனை பிள்ளைகளின் மூத்திரம் அதில் ஊறியிருக்கிறது என்று உங்கள் புரொக்டர் காந்தம் வைத்துப் பார்க்கட்டும். வண்டி இங்கே வந்து நின்றால், அன்றைக்கே சீட் இறங்கும். அதுவரை ஒரு ஆணிகூட வராது.

பூரணி


786
ஹட்டன்
29.3.1962

தங்கச்சி பூரணிக்கு,

உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரி ஜெமீலாதான் முதலில் உடைத்தாள். வாய்க்கு எத்தனை கியர் என்ற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். வீட்டில் எனக்கிருந்த கொஞ்ச மரியாதையும் போயிற்று.

இருக்கட்டும். வெளிநாட்டிலிருந்து கார் வருவதற்குக் கட்டுப்பாடு வந்த பிறகு உருளுகிற எதுவும் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பது உங்களுக்குத் தெரியாது. நானுஓயா, பண்டாரவளை, கண்டி என்று அலைந்தேன். ஒருவரிடம் வேன் இருந்தது, எஞ்சின் இல்லை. இன்னொருவரிடம் எஞ்சின் இருந்தது, அதை வைத்துத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் கண்டியில் ஒன்று அகப்பட்டது. நீளமான வண்டி. நல்ல உயரமான ஆம்பிளைகூடத் தாராளமாக நீட்டிப் படுக்கலாம். பின் கதவு அகலமாகத் திறக்கும், ஆளைப் படுத்த நிலையிலேயே உள்ளே தள்ளலாம், குலுங்காது. உங்களுக்கென்றே செய்துவைத்த மாதிரி இருக்கிறது. எஞ்சின் தங்கம். முன்பிருந்தவர் எந்தக் காலத்திலும் வேகமாக ஓட்டியதே இல்லை. இதை வியாபாரப் பேச்சாக எடுக்க வேண்டாம், சத்தியமாகச் சொல்கிறேன்.

வெள்ளைச் சாயம் பூசக் கொடுத்திருக்கிறேன். ஆஸ்பத்திரி வண்டி வெள்ளையாக இருந்தால்தானே அழகு. அடுத்த கிழமை என் ஆள் கொண்டுவருவான். சீட்டைத் துடைத்துக் காயவைத்து ஏற்றிவிடவும்.

சரிபுதீன்


ஊசிப்பாறை
8.4.1962

சரிபுதீன் நானாவுக்கு,

வண்டி வந்து சேர்ந்தது. சீட்டை உங்கள் ஆளோடு தோட்டத்து லொறியில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். குழந்தைகளுக்குச் சாக்கும் கம்பளியும் விரித்திருக்கிறோம், பழகிக்கொள்வார்கள்.

சொன்னதைச் செய்தீர்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். சோலைமலை அண்ணன் கீழ்ப்பிரிவு வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஏற்றத்தில் மூச்சு வாங்கவில்லை என்றார். நான் உள்ளே ஏறிப் படுத்துப் பார்த்தேன். கால் முட்டவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் கிடந்தேன். ஏன் என்று தெரியவில்லை, அழுகை வந்தது.

ஒன்றை மட்டும் கேட்கிறேன். தரையில் பலகைக்கு அடியில் வரிசையாக உருளைகள் இருக்கின்றன. உட்கூரையில் கத்தரிப்பூ நிறத்தில் பட்டுத்துணி ஒட்டியிருக்கிறது. இது முன்பு எதை ஏற்றிய வண்டி?

பூரணி


786
ஹட்டன்
12.4.1962

தங்கச்சி பூரணிக்கு,

சீட் கிடைத்தது. வாசமும் கிடைத்தது. தோல் வேலைக்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலை செய்கிறான்.

அது ஒரு பேக்கரிக்காரரின் பாண் வேன். பாண் தட்டுகளைத் தள்ளி ஏற்றத்தான் உருளை. பட்டுத்துணி பாணில் தூசி விழாமல் இருக்க. பெரிய இடத்துப் பேக்கரி. வேறு யோசனை வேண்டாம். வருஷப்பிறப்பை நல்லபடியாகக் கொண்டாடுங்கள்.

சரிபுதீன்


ஊசிப்பாறை
6.5.1962

சரிபுதீன் முதலாளிக்கு,

அண்ணன் முறை வைத்து நானா என்று எழுத இனி என்னால் முடியாது.

போன கிழமை சோலைமலை அண்ணன் வண்டியைக் கழுவினார். பக்கவாட்டில் வெள்ளைச் சாயம் தோல் உரிவது மாதிரி உரிந்து வந்தது. அடியில் கறுப்பு. கறுப்பின் மேல் தங்க எழுத்து. அண்ணனுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது, ஆனால் அந்த வண்டியை அவருக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன் எங்கள் தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கர் ஐயா கண்டியில் இறந்தபோது அவரைப் பெட்டியில் வைத்து இங்கே கொண்டுவந்தது இதே வண்டிதான். பெட்டியை இறக்கத் தோள் கொடுத்தவரே சோலைமலை அண்ணன். வாளியை அப்படியே போட்டுவிட்டு என்னிடம் வந்து, "மிஸி, இது பொணம் ஏத்துன வண்டிங்க" என்றார்.

பேக்கரியாம். பாண் தட்டாம். தூசி விழாமல் பட்டுத்துணியாம். எப்படி ஐயா எழுதக் கை வந்தது? நான் நேருக்கு நேர் கேட்டேனே, எதை ஏற்றிய வண்டி என்று. ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தால் யாருக்கும் தெரியாமல் திருப்பி அனுப்பியிருப்பேன். இப்போது ஆட்கள் குடியிருக்கிற ஐந்து லயத்துக்கும் தெரிந்துவிட்டது. பெண்கள் வண்டி நிற்கிற பக்கமே வருவதில்லை, மருந்துச்சாலைக்குப் பின்வழியாக வருகிறார்கள். கொழுந்தெடுக்கிற லெட்சுமிக்கு இது தலைப்பிரசவம், ஆனி மாதக் கணக்கு. இடுப்பு ஒடுங்கியவள், ஆஸ்பத்திரியில்தான் பெற வேண்டும் என்று மாதக்கணக்காகச் சொல்லி அவளையும் அவள் புருஷன் கந்தப்பனையும் சம்மதிக்க வைத்திருந்தேன். நேற்று சாயங்காலம் வந்து சொல்கிறாள், "செத்தவங்க போன வண்டியில நான் ஏற மாட்டேங்க மிஸி. வயித்துல இருக்கறத நெனச்சுப் பாருங்க."

எனக்கு அந்தப் பயம் கிடையாது. படித்தது அதற்காகத்தான். ஆனால் வண்டியில் ஏற வேண்டியது நான் இல்லையே. அவர்கள் ஏறாத வண்டி எனக்கு எதற்கு? மழை இறங்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. வேறு வண்டி அனுப்புங்கள்.

பூரணி


786
ஹட்டன்
12.5.1962

மருத்துவச்சி பூரணி அவர்களுக்கு,

முதலாளி என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. முதலாளியாகவே பதில் சொல்கிறேன்.

ஒரு பெண் நீட்டிப் படுக்க வேண்டும் என்று கேட்டீர்கள். இந்த மலைநாட்டில் ஆளை நீட்டிப் படுக்க வைத்துக் கொண்டுபோகச் செய்த வண்டி வேறு எது இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். அரசாங்கம் அம்புலன்ஸை எனக்கு விற்குமா? கேட்டதைத் தந்தேன். எஞ்சின் நல்லதா, இல்லையா? ஏற்றத்தில் ஏறுகிறதா, இல்லையா? கால் முட்டவில்லை என்று அழுததாக எழுதியது யார்? ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னேன், உண்மை. சொல்லியிருந்தால் நீங்கள் எடுத்திருக்க மாட்டீர்கள். இந்த வியாபாரத்தில் வாங்குகிறவனின் மனத்தில் இருக்கிற பேயையும் சேர்த்துத்தான் நான் சமாளிக்க வேண்டியிருக்கிறது. துரைமார் செத்துப்போன கார்களை எத்தனை பேருக்கு விற்றிருக்கிறேன், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

எங்கள் ஆட்கள் மவுத்தானால் அடக்கத்துக்குத் தோளில் தூக்கிப் போகிறோம். அந்தத் தோளோடு வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்கவில்லையா? தோளுக்கு இல்லாத தீட்டு இரும்புக்கு எங்கிருந்து வந்தது? வண்டி என்ன பாவம் செய்தது? படித்தவர் நீங்கள். இதை எடுத்துச் சொல்லி அவர்களை ஏற்ற வேண்டியது உங்கள் வேலை. அதை விட்டுவிட்டு எனக்குக் கடிதம் எழுதி என்ன பிரயோசனம்? எனக்குப் பிள்ளைத்தாய்ச்சியின் அருமை தெரியாது என்று நினைக்க வேண்டாம். என் ஜெமீலாவுக்கே இது ஏழாம் மாதம். ஆறு வருஷம் காத்திருந்து வந்த பிள்ளை.

வேறு வண்டி கிடையாது. ஹம்பரின் சீட் வேலை இன்னும் முடியவில்லை, புரொக்டர் தினமும் தந்தி அடிக்கிறார். என்னை விடுங்கள்.

சரிபுதீன்


ஊசிப்பாறை
18.5.1962

சரிபுதீன் முதலாளிக்கு,

தோளைப் பற்றி எழுதியது நன்றாக இருந்தது. அதைச் சோலைமலை அண்ணனுக்கும் வாசித்துக் காட்டினேன். லயத்துக்குப் போய் அப்படியே சொன்னேன். லெட்சுமி பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த முதலாளி வீட்டு அம்மா ஏறுவாங்களா என்று கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான்.

ஆகவே உங்களைக் கேட்கிறேன். ஜெமீலா அக்காவுக்கு ஏழாம் மாதம் என்று நீங்கள்தான் எழுதினீர்கள். அவரை இந்த வண்டியில் படுக்க வைத்து ஒரு தடவை இங்கே கொண்டுவாருங்கள். எங்கள் லயங்களுக்கு முன்னால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி, இறங்கி, என் கையால் ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகட்டும். குலுங்காத வண்டி என்று நீங்களே சொன்னீர்கள். பெண்கள் கண்ணால் பார்த்தால் போதும், அதற்குப் பிறகு ஒருத்தியும் பேச மாட்டாள்.

கொண்டுவர மாட்டீர்கள் என்றால், வண்டி என்ன பாவம் செய்தது என்று இன்னொரு தடவை எனக்கு எழுதாதீர்கள்.

பூரணி


786
ஹட்டன்
24.5.1962

மருத்துவச்சி பூரணி அவர்களுக்கு,

மிரட்டிப் பார்க்கிறீர்களா? சரிபுதீன் பயந்து ஒளிந்துவிடுவான் என்று நினைப்பா? ஜெமீலாவிடம் கடிதத்தைக் காட்டினேன். அவள் உடனே, "போவோம், எனக்கென்ன" என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு உங்களைப் பார்க்க வேண்டுமாம். எனக்குத்தான் கோபம் அடங்கவில்லை.

வருகிற ஜூன் முதலாம் தேதி வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடிந்ததும் கிளம்புவோம். வியாழக்கிழமையே சோலைமலையிடம் வண்டியைக் கொடுத்து அனுப்புங்கள், அதிலேயே ஏற்றிவந்து காட்டுகிறேன். உங்கள் பெண்களை எல்லாம் ரோட்டில் நிறுத்திவையுங்கள். பார்த்த பிறகு நீங்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டும். கையெழுத்தும் தெளிவாக இருக்க வேண்டும்.

சரிபுதீன்


ஊசிப்பாறை
5.6.1962

சரிபுதீனுக்கு,

வியாழக்கிழமை வண்டியை அனுப்பினேன். சோலைமலை அண்ணனும் வண்டியோடு ஹட்டனில் நின்றார்.

வெள்ளிக்கிழமை கொழுந்து நிறுத்து முடிந்ததும் பெண்கள் ரோட்டோரம் வந்து நின்றார்கள். நான்தான் வரச் சொன்னேன். மழை தூறத் தொடங்கியது, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். லெட்சுமியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருட்டுகிற வரைக்கும் யாரும் வரவில்லை. யாரும் என்னை ஒன்றும் கேட்கவும் இல்லை, கலைந்து போனார்கள். கேட்டிருந்தால் தேவலை.

மறுநாள் விடிந்ததும் லெட்சுமிக்கு வலி கண்டது. கணக்குக்கு முன்னாலேயே வந்துவிட்டது. குழந்தை குறுக்கே கிடந்தது, கை முன்னால் வந்தது. என்னால் முடியவில்லை. வண்டி ஹட்டனில். தோட்டத்து லொறி அரிசி ஏற்றத் தலவாக்கலைக்குப் போயிருந்தது. புதுத் துரையின் காரைக் கேட்க ஓடினேன், அதுவும் வெளியே போயிருந்தது. கந்தப்பனும் மற்ற ஆட்களும் கம்பளியை மூங்கிலில் கட்டி அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மழை. சறுக்கு. நான் பக்கத்திலேயே ஓடினேன். பாதி வழியில் லெட்சுமி என் கையைப் பிடித்தாள். "மிஸி, அந்தப் பொண வண்டியாச்சும் வருமா?" என்று கேட்டாள்.

அதை நான் உங்களுக்கு எழுதாமல் விட மாட்டேன். திரும்பவும் எழுதுகிறேன். அந்தப் பொண வண்டியாச்சும் வருமா என்று கேட்டாள். ஏறவே மாட்டேன் என்றவள் கேட்டாள். வண்டி எங்கே நின்றது? உங்கள் வாசலில் நின்றது. அதை அங்கே அனுப்பியது யார்? நான். உங்களோடு வாயாடி ஜெயிக்க வேண்டும் என்று நான் அனுப்பினேன். எனக்கு என் மேல் வருகிற கோபத்தை எங்கே போய்க் கொட்டுவது? ஆனால் வெள்ளிக்கிழமை வராதது நீங்கள். வராவிட்டால் வண்டியையாவது அன்றே திருப்பி அனுப்பியிருக்கலாம். சோலைமலை அண்ணன் கேட்டாராம், நாளைக்குப் பார்ப்போம் என்றீர்களாம், வண்டி இல்லாமல் பஸ்ஸில் திரும்பி வந்து சொன்னார். அந்த நாளைக்குத்தான் சனிக்கிழமை.

கீழ்ப்பிரிவில் லொறி எதிரே வந்தது. ஆஸ்பத்திரியில் குழந்தையை எடுத்தபோது உயிர் இல்லை. ஆண் பிள்ளை. லெட்சுமி பிழைத்துக்கொண்டாள். அவளுக்கு இன்னொரு பிள்ளை தங்குமா என்பது சந்தேகம் என்கிறார்கள்.

பூரணி


ஹட்டன்
9.6.1962

பூரணிக்கு,

உங்கள் கடிதத்தை ஜெமீலா சத்தமாக வாசித்தாள். என்னை எழுந்து போகவிடவில்லை.

வெள்ளிக்கிழமை வருவதற்குத்தான் இருந்தேன். பள்ளியிலிருந்து வந்து நானே பின் கதவைத் திறந்து மெத்தை போட்டேன். ஜெமீலா புதுச்சீலை உடுத்தி, தலையில் முக்காடு இட்டு வந்து படியில் ஒரு காலை வைத்தாள். அவ்வளவுதான். எனக்கு என்ன வந்ததோ தெரியாது, அவள் கையைப் பிடித்து இழுத்துக் கீழே விட்டுவிட்டு, கதவை அடித்துச் சாத்தினேன். என் பிள்ளையை இதில் ஏற்ற மாட்டேன் என்று தெருவே கேட்கக் கத்தினேன். சோலைமலை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், உங்களிடம் அவர் சொல்லவில்லை போலிருக்கிறது. ஜெமீலா என் முகத்தைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நமக்கு ஆகாத வண்டிய அந்தப் புள்ளைகளுக்கு ஏன் குடுத்தீங்க?"

வண்டியை வெறுமையாக அனுப்பினால் நான் தோற்றது உங்கள் தோட்டத்துக்கெல்லாம் தெரிந்துவிடும் என்று நிறுத்திவைத்தேன். ஞாயிறு வரைக்கும் ஏதாவது சாட்டு யோசிக்கலாம் என்று பார்த்தேன். சாட்டுக்கு எனக்குப் பஞ்சம் இல்லை, உங்களுக்குத் தெரியும். இந்த ஒன்றுக்கு எந்தச் சாட்டும் வரவில்லை.

புரொக்டரிடம் கார் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வழக்குப் போடுவேன் என்கிறார், போடட்டும். ஹம்பருக்கு நாலு புது டயரும் போட்டு, வண்டியைக் கேட்டு வந்து நிற்கிற சோலைமலையிடம் கொடுத்து அனுப்புகிறேன். இந்தக் கடிதமும் அவர் கையில்தான் வருகிறது. அது உங்கள் பெண்களுக்குப் பழகிய கார், ஏறுவார்கள். மற்ற வண்டியை உடைத்து இரும்புக்கு விற்றுவிடுகிறேன், அது யார் கண்ணிலும் பட வேண்டாம். இதோடு நமக்குள் எல்லாம் சரி என்று ஒரு வரி எழுதுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். ஜெமீலா என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

சரிபுதீன்


ஊசிப்பாறை
11.6.1962

சரிபுதீனுக்கு,

ஹம்பர் வந்தது. அதே சோலைமலை அண்ணனிடம் திருப்பி அனுப்புகிறேன். டயர் புதிது, பார்த்தேன். உங்கள் புரொக்டருக்கே விற்றுக்கொள்ளுங்கள்.

மாற்றுப் பேசினோம், ஹம்பர் உங்களுடையது. வண்டி எங்களுடையது. எங்கள் வண்டியை உடைக்க நீங்கள் யார்? அதில் ஒரு ஆணியைக்கூடத் தொட வேண்டாம். பட்டுத்துணியைக் கிழிக்க வேண்டாம், உரிந்த இடத்தில் மறுபடி சாயம் பூச வேண்டாம். அதற்கெல்லாம் ஒரு நாள் போகும், அந்த ஒரு நாள் எங்களுக்கு இல்லை. சோலைமலை அண்ணன் ஹம்பரை நிறுத்தியதும் வண்டியை எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பி வருவார். அவரைத் தேத்தண்ணீர் குடிக்கச் சொல்லிக்கூட நிறுத்தாதீர்கள்.

பெண்கள் ஏறுவார்களா என்று கேட்பீர்கள். லெட்சுமி நேற்று லொறியில்தான் வீட்டுக்கு வந்தாள், நெஞ்சில் பால் கட்டியிருக்கிறது. பெண்கள் எல்லாரும் போய்ப் பார்த்தார்கள். வழியில் என்னிடம் என்ன கேட்டாள் என்பதை அவளே எல்லாருக்கும் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு யாரும் வண்டியின் பழைய கதையைப் பேசுவதில்லை. இன்று காலையில் மூன்று பேர் வந்து வண்டி எப்போது வரும் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மூன்று பேருக்கும் ஆடி மாதம். எனக்கு அது சந்தோஷமாக இல்லை. வேறு வழி இல்லாமல் வருகிற தைரியத்தைப் பார்த்து எப்படிச் சந்தோஷப்படுவது?

எல்லாம் சரி என்று ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். எழுத மாட்டேன். சரி இல்லை. கந்தப்பனுக்கு நீங்கள் எழுதியிருக்கலாம், எழுதவில்லை. எனக்குத்தான் எழுதியிருக்கிறீர்கள், அதிலும் உங்கள் புண்ணியத்தைத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

ஜெமீலா அக்காவுக்குச் சொல்லுங்கள். ஆறு வருஷம் காத்திருந்த பிள்ளை, முதல் பிரசவம், கவனமாக இருக்க வேண்டும். கால் வீங்கினாலோ தலை சுற்றினாலோ ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதிக்க வேண்டாம். வலி கண்டால் எந்த நேரமானாலும் எனக்கு ஆள் அனுப்பச் சொல்லுங்கள். எங்கள் வண்டியிலேயே வருவேன். உங்கள் வீட்டுக்குள் வருவேன், அவர் பக்கத்தில் இருப்பேன், பிள்ளையைக் கையில் ஏந்தி உங்களிடம் தருவேன்.

உங்களோடு பேச மாட்டேன்.

பூரணி